இடுப்பு வலி யார் கணக்கில்?

ஒரு செலவு நடந்துவிட்டால் அதை யாராவது ஒருவர் கணக்கில் பற்று எழுதியே ஆக வேண்டும். கணக்குப் பதிவியலின் முதல் வகுப்பிலேயே சொல்லித் தரும் விஷயம் இது. ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நூறு வருடங்களுக்கும் மேலாக ஒரு செலவு நடந்துகொண்டே இருக்கிறது. எந்த மில்லின் லாப நட்டக் கணக்கிலும் அதற்கென்று ஒரு வரி கிடையாது. அந்தச் செலவின் பெயர் இடுப்பு வலி.

"இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க" என்று ஒரு நாள் வேலைக்குப் போகாமல் படுத்தவர், போயும் பாதி வேலைதான் பார்க்க முடிந்தவர், வலியோடு பார்த்துப் பார்த்து அந்த வேலையையே வெறுத்துப் போனவர்... இந்த மூன்று பேரும் இல்லாத தெரு கொங்கு நாட்டில் இருக்காது. கொங்கு நாடு மட்டுமா? 2020ஆம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக 2023ல் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு சொல்கிறது. மனிதர்களை முடக்கிப் போடும் காரணங்களில் இதற்குத்தான் முதலிடம். சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் பயப்படுகிற நாம் இதை ஒரு நோயாகவே நினைப்பதில்லை என்பது வேறு கதை.

இங்கே கேள்வி மருத்துவம் பற்றியது அல்ல. வலியால் வேலை குறைகிறது, அந்த நட்டம் யாருடையது என்பதுதான். கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றைப் புரட்டினால் இதற்கான பதில் ஒவ்வொரு காலத்திலும் மாறியிருப்பது தெரியும். கூலி எந்த முறையில் கொடுக்கப்பட்டதோ, அதைப் பொறுத்து மாறியிருக்கிறது.

மில் வருவதற்கு முன்பே இங்கே தறி இருந்தது. குழித்தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரையில் ஒரு குழி. அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். முதுகு சாய இடம் கிடையாது. அறுந்த பாவு இழையை முடிய முன்னால் வளைய வேண்டும். நாடாவைக் கையால் வீசிய காலத்தில் இடமும் வலமும் உடம்பை எட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. விசைநாடாவை இங்கிலாந்தில் ஜான் கே 1733லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் சென்னை மாகாணத்து நெசவாளர்களிடம் அது பரவலாக வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அது வந்த பிறகு கைகளுக்கு ஓய்வு கிடைத்தது, வேகம் கூடியது. உட்காரும் இடம் மட்டும் அதே குழிதான்.

இந்த வலி புதுசு ஒன்றும் இல்லை. முந்நூறு வருடங்களுக்கு முன்பே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் நெசவாளர்களுக்கும், உட்கார்ந்தே வேலை செய்யும் தையற்காரர்களுக்கும் தனித்தனியாக இடம் கொடுத்திருக்கிறார். நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறாய்?" என்று வைத்தியர் கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவர். சென்னிமலையிலோ பவானியிலோ ஒரு வைத்தியர் அதைக் கேட்டிருந்தால் பாதி நோயாளிகள் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

தறிக்காரருக்குக் கூலி நெய்த துணிக்கு மட்டும். இத்தனை புடவைக்கு இவ்வளவு, இத்தனை ஜமக்காளத்துக்கு இவ்வளவு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலு முறை எழுந்து நடந்தால் அன்றைக்கு நெய்வது குறையும், கூலியும் குறையும். நூல் கொடுத்து துணி வாங்கும் வியாபாரிக்கு ஒரு நயா பைசா நட்டம் இல்லை. அவர் வாங்குவது துணியைத்தான், நேரத்தை அல்ல. ஆக, குழித்தறிக் காலத்தில் இடுப்பு வலி முழுக்க முழுக்க நெசவாளியின் கணக்கு. கூடவே உட்கார்ந்து தார் சுற்றும் மனைவியின் முதுகுக்குத் தனியாகக் கூலியே கிடையாது, அதனால் அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

1888ல் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். ஊர்க்காரர்களுக்கு அது ஸ்டேன்ஸ் மில். 1910ல் லட்சுமி மில்ஸ் வந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் மளமளவென்று முளைத்தன. மில் என்பது தொழில்நுட்ப மாற்றம் மட்டும் அல்ல. அங்கே முதலாளி நேரத்தை விலைக்கு வாங்க ஆரம்பித்தார். நேரத்தை வாங்கியதும் அந்த நேரத்துக்குள் தொழிலாளியின் உடம்பு என்ன செய்கிறது என்பது முதலாளியின் கவலையும் ஆனது.

ஆரம்பத்தில் அந்தக் கவலை வேறு மாதிரி இருந்தது. சட்டப்படி வளர்ந்த ஆண்களுக்கு வேலை நேர வரம்பே இல்லை. 1911ஆம் வருடச் சட்டம்தான் பஞ்சாலைகளில் 12 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 1922ல் அது நாளைக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் ஆனது. 1934ல் 10 மணி நேரமும் 54 மணி நேரமும். 1946ல்தான் 9 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும். வரலாற்றுப் புத்தகத்தில் இதை நாலு வரியில் படித்துவிடுகிறோம். ரிங் ஃப்ரேமில் டாஃபிங் வேலை பார்த்தவருக்கு இது நாலு வரி இல்லை. நூல் நிறைந்த பாபினைக் கழற்றிவிட்டுக் காலி பாபினை மாட்டுவது டாஃபர் வேலை. ஸ்பிண்டில்கள் இடுப்புக்குக் கீழே வரிசையாக நிற்கும். குனிந்தபடியே நகர வேண்டும். ஒரு மெஷின் முடிவதற்குள் அடுத்த மெஷின் நிறைந்திருக்கும். சைடர் வேலை என்றால் அறுந்த இழையைத் தேடி நடந்துகொண்டே இருக்க வேண்டும், அறுந்த இடத்திலெல்லாம் குனிய வேண்டும். மிக்ஸிங்கில் பேல் உருட்டுகிறவர் கதை இன்னும் மோசம், இன்றைய ஒரு பஞ்சு பேலின் எடை 170 கிலோ. தினம் ஒரு மணி நேரம் குறைவது என்றால் இவர்களுக்கு எத்தனை நூறு முறை குனிவது குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் வருட தொழிற்சாலைச் சட்டத்தில் முதுகைப் பற்றிய இரண்டு பிரிவுகள் இருந்தன. 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்றது. 44ஆம் பிரிவு, நின்றே வேலை செய்பவர்களுக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தர வேண்டும் என்றது. இரண்டுமே நல்ல பிரிவுகள்தான். ஆனால் இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. காயம் என்றால் இன்றைக்கு மூட்டை விழுந்து இன்றைக்கே ஒடிவது. இருபது வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதை எந்த இன்ஸ்பெக்டர் எந்தத் தேதியில் எழுதுவார்? வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்றால், அந்த வாய்ப்பைக் கொடுப்பது மெஷின். மெஷின் எதற்கு நிற்கப் போகிறது?

இந்த வரலாற்றில் முதுகுக்கு உண்மையிலேயே ஒரு கணக்கு திறக்கப்பட்டது 1955 ஜனவரி 23ஆம் தேதி. இந்தியாவில் 1952ல் கான்பூரிலும் டெல்லியிலும் ஆரம்பித்த இ.எஸ்.ஐ. திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாக அன்றைக்குக் கோவையில்தான் நடைமுறைக்கு வந்தது. சென்னைக்கு முன்னால் கோவை! பஞ்சாலைத் தொழிலாளர்கள் இங்கே அவ்வளவு அடர்த்தியாக இருந்தார்கள். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து பணம் கட்ட, உடம்புக்கு முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி கிடைக்கும். பிறகு சிங்காநல்லூரில் பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியே வந்தது. இடுப்பு வலிக்காக லீவு போட்டவருக்குப் பணம் கிடைப்பது என்பது குழித்தறிக்காரர் கனவிலும் நினைக்காத விஷயம்.

இந்தத் திட்டத்தின் விதிகளைக் கவனித்துப் படித்தால், இடுப்பு வலியை நம் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பது புரிந்துவிடும். நோய்க்காலப் பலன் இப்போது சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஆனால் லீவு போட்ட முதல் இரண்டு நாட்களுக்கு பொதுவாகப் பணம் இல்லை, அது காத்திருப்புக் காலம். பெரும்பாலான இடுப்புப் பிடிப்பு ஒன்றிரண்டு நாளில் வேலைக்குத் திரும்பிவிடக்கூடிய அளவுக்குத் தணிந்துவிடும். அந்த இரண்டு நாள் நட்டம் தொழிலாளியின் தலையிலேயே நிற்கிறது. வருடத்துக்கு நாலைந்து முறை இப்படி வந்தால் கூட்டிப் பாருங்கள்.

அடுத்து, நீண்ட கால நோய்கள் 34 என்று ஒரு பட்டியல். இதில் வரும் நோய்களுக்கு 80 சதவீதச் சம்பளம் இரண்டு வருடம் வரை கிடைக்க வழி உண்டு. காசநோய், புற்றுநோய் எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் முதுகெலும்புத் தட்டு பிதுங்குவதும் இருக்கிறது. அதாவது டிஸ்க் நகர்ந்து படுத்த படுக்கையானால் கவனிப்பு உண்டு. ஆனால் தொழில் சார்ந்த நோய்கள் என்று இன்னொரு பட்டியல் உண்டே, பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெடும் பிசினோசிஸ் இடம்பெற்ற பட்டியல், அதில் இடுப்பு வலி இல்லை. நோய் என்பதை ஒத்துக்கொள்கிறார்கள், வேலையால் வந்தது என்பதை ஒத்துக்கொள்ளவில்லை.

இதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. பஞ்சுத் தூசி மில்லில்தான் இருக்கிறது, வீட்டில் இல்லை. இடுப்பு வலியோ எல்லோருக்கும் வருகிறது. ஆட்டுக்கல்லில் குனிந்து மாவாட்டிய பாட்டிக்கும் வந்தது, பைக் ஓட்டும் பையனுக்கும் வருகிறது. மில்லால் வந்தது என்று எப்படி நிரூபிப்பது? எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் இடுப்பு வலி என்று சர்டிபிகேட் கொண்டுவருபவரை சூப்பர்வைசர் ஒரு மாதிரியாகப் பார்ப்பது. கால் ஒடிந்தவருக்கு மாவுக்கட்டு சாட்சி சொல்லும். இவருக்கு யார் சாட்சி? வலியை விட, வலியை நம்பாத அந்தப் பார்வைதான் பல பேருக்கு வேலையின் மேல் இருந்த பிடிப்பைக் கெடுத்திருக்கும்.

இந்த இடத்தில் அமெரிக்காவுக்கு ஒரு எட்டுப் போய்வர வேண்டும். விமானம் செய்யும் போயிங் கம்பெனியில் 3,020 தொழிலாளர்களைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்து, அதன் முடிவை 1991ல் வெளியிட்டார்கள். யார் இடுப்பு வலி என்று புகார் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. தசை பலம், உயரம், எடை எல்லாம் அளந்தார்கள். கடைசியில் பார்த்தால், தன் வேலையில் அநேகமாகச் சந்தோஷமே இல்லை என்று சொன்னவர்கள் மற்றவர்களை விட இரண்டரை மடங்கு அதிகமாக முதுகுவலியைப் புகார் செய்திருந்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, வேலை பிடிக்காதவன் சாக்குச் சொல்கிறான்" என்று பேசுகிற மேலாளர்கள் உண்டு. ஆய்வு சொன்னது அது அல்ல. புகார் செய்வதற்கும் மனநிறைவுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதுதான் அது சொன்னது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. போயிங் தொழிலாளிக்குப் புகார் செய்ய ஓர் இடம் இருந்தது, செய்தால் சம்பளம் போகாது என்ற தைரியமும் இருந்தது. புகார் செய்தால் கூலி போய்விடும் என்கிற இடத்தில் இதே ஆய்வை நடத்தினால் என்ன கிடைக்கும்? ஒரு புகாரும் இருக்காது. வலி இருக்கும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். அவினாசி ரோட்டில் ஒரு மணி நேரம் பஸ் ஏறினால் திருப்பூர்.

அதற்கு முன் பி.காம். நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் டெய்லர் முறை, மெரிக் முறை, ஹால்சி, ரோவன் என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த டெய்லர் தன் 1911ஆம் வருடப் புத்தகத்தில் ஒரு கதை சொல்கிறார். பெத்லகேம் இரும்பாலையில் நாளைக்குப் பன்னிரண்டரை டன் இரும்பு சுமந்தவரை 47 டன் சுமக்க வைத்தாராம். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. அதாவது வேலை ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி 60 சதவீதம் கூடுதல். இந்தக் கணக்கில் விடை சரியாக வந்தால் முழு மதிப்பெண். அந்த மனிதரின் முதுகு பத்து வருடம் கழித்து எப்படி இருந்தது என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. கோவையிலும் 1956ல் தொடங்கிய சிட்ரா போன்ற ஆராய்ச்சி நிறுவனம் மில்களின் உற்பத்தித் திறனை ஒப்பிட 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள் மணி நேரம் ஆகிறது என்ற அளவை வைத்திருக்கிறது. தொழிலுக்கு மிகவும் பயன்பட்ட அளவுதான் அது. ஆனால் குனிந்த மணி நேரமும் நிமிர்ந்த மணி நேரமும் அதில் ஒன்றுதான்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எழுபதுகளின் கடைசியிலிருந்து ஏற்றுமதி ஏறியது. ஓவர்லாக், பிளாட்லாக் முன்னால் சாய்மானம் இல்லாத ஸ்டூல். தலை துணி மேல் கவிழ்ந்திருக்கும், ஒரு கால் மிதியில். கைமடிப் பெண்ணும் செக்கிங் பெண்ணும் நின்றே இருப்பார்கள். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம். 1911ல் சட்டம் வைத்த வரம்புக்கே திரும்பி வந்தாகிவிட்டது! கூலி பல இடங்களில் பீஸ் ரேட், நடுவில் ஒரு கான்ட்ராக்டர். டெய்லர் எழுந்து முதுகை நிமிர்த்தினால் குறைவது அவருடைய பீஸ்தான். கம்பெனிக்குப் பெரிய நட்டம் இல்லை, பக்கத்து மெஷின்காரர் அந்தப் பீஸைத் தைத்துவிடுவார். குழித்தறிக் கணக்கு முறை மோட்டார் மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சோமனூர், பல்லடம் விசைத்தறிகளிலும் மீட்டருக்கு இவ்வளவு என்பதுதான். அங்கே தறி முதலாளியே ஜவுளி வியாபாரிக்குக் கூலிக்காரர். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டைக்கு இவ்வளவு. ஆளுக்கு 55 கிலோவுக்கு மேல் சுமக்க வைக்க வேண்டாம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967ல் பரிந்துரைத்தது. அந்த அமைப்பின் அதிகபட்ச எடை ஒப்பந்தத்தை இந்தியா ஏற்றது 2010ல்.

மில்களிலும் நிலைமை மாறிப்போனது. நிரந்தரத் தொழிலாளர்கள் குறைந்து, 2000க்குப் பிறகு பல மில்களில் கிராமத்துப் பெண் பிள்ளைகளை ஹாஸ்டலில் தங்க வைத்து வேலை வாங்கும் சுமங்கலித் திட்டம் பெருகியது. மூன்று வருடம் முடித்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. உடம்பு ஒத்துழைக்காமல் நடுவில் கிளம்பியவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை என்ற புகார்கள் நிறைய பதிவாகியிருக்கின்றன. இதைக் கூலி முறையாகப் பார்த்தால் பீஸ் ரேட்டை விடக் கொடுமை. இரண்டரை வருடத்தில் முதுகு போனால் இரண்டரை வருடச் சேமிப்பும் சேர்ந்து போகிறது. வலியை மறைத்துக்கொண்டு இருப்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு என்ன வழி?

மாதச் சம்பளக்காரர்கள் பக்கம் இதற்கு நேர்மாறு. பீளமேடு, சரவணம்பட்டிப் பக்க ஐ.டி. கம்பெனிகளில் ஏற்றி இறக்கும் நாற்காலி, இடுப்புக்கு முட்டு, எல்லாம் உண்டு. கருணையினால் அல்ல. வலியோடு உட்கார்ந்திருக்கும் இன்ஜினியரின் மந்தமான மணி நேரங்களுக்கும் கம்பெனிதான் சம்பளம் கொடுக்கிறது. நட்டம் தன் கணக்கில் விழும்போது நாற்காலி தானாக வருகிறது. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை என்றானதும் அந்த நாற்காலிச் செலவும் பலருக்குச் சொந்தச் செலவானது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப் வைத்தவர்கள் எல்லாம் பிசியோதெரபி என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டார்கள்.

கடைசியாகக் கடை. ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், காட்டுகிறவர்கள் நிற்பார்கள். 2010ல் வந்த 'அங்காடித் தெரு' சென்னைக் கடைகளின் கதை என்றாலும் கோவைக்காரர்களுக்கும் அது புரிந்தது. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி, 2018ல் கேரளாவில் சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டிலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்கிறது அது. 1948ன் 44ஆம் பிரிவோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் வார்த்தைகள் கூட ஏறக்குறைய அதேதான். தொழிற்சாலைக்கு வந்தது கடைக்கு வர 73 வருடம்!

இதற்கிடையில் 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் ஒரு சட்டத் திருத்தம் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தையொட்டித் திரும்பப் பெறப்பட்டது. 1948 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் மத்திய அரசின் புதிய தொகுப்புச் சட்டம் வந்தது. மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்ற பழைய கணக்கு அதில் 20 பேர் என்று ஆகியிருக்கிறது. பதினைந்து பேர் வேலை பார்க்கும் பனியன் யூனிட்டுகள் திருப்பூரில் எத்தனை என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

சட்டம் வந்த பிறகு பல ஜவுளிக் கடைகளில் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஆனால் விற்பனைக்கு ஏற்ப ஊக்கத்தொகை இருக்கும் கடையில், ஆள் உள்ளே நுழையும்போது ஸ்டூலில் இருப்பவரை முந்திக்கொண்டு நிற்பவர்தான் "வாங்கம்மா, என்ன பார்க்கறீங்க?" என்பார். அதனால் தீபாவளிக்கு முந்தின வாரங்களில் அந்த ஸ்டூல்களின் மேல் பிரித்துப் போட்ட புடவைகள்தான் உட்கார்ந்திருக்கும்.